18 இன்ச் ஆசை... சோமனூர் ரோடு! காருக்கு அலாய் வீல் மாற்றும் முன் இதைப் படிச்சிடுங்க

போன ஞாயிற்றுக்கிழமை காலை. டெஸ்க்கில் டியூட்டி இல்லை என்று நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தவளை வாட்ஸ்அப் சத்தம் எழுப்பியது. சோமனூரிலிருந்து பெரியப்பா மகன். வரிசையாக ஏழு போட்டோக்கள், ஏழிலும் கார் சக்கரங்கள். கடைசியில் ஒரு வரி: "அம்மிணி, இதுல எது நம்ம வண்டிக்கு எடுப்பா இருக்கும்?"

'நம்ம வண்டி' என்பது அவர் சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஃபோக்ஸ்வேகன் விர்டுஸ் ஜி.டி. 1.5 லிட்டர் டர்போ இன்ஜின், 150 பி.எஸ். பவர். ஃபெராரி, போர்ஷே ஆட்களுக்கு இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை. ஆனால், தறிக்குடோன் வாசலில் நூல் மூட்டை ஏற்றும் டெம்போவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது இதுதான் எங்கள் குடும்பத்தின் ஸ்போர்ட்ஸ் கார். அதில் கம்பெனி கொடுத்த 16 இன்ச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 18 இன்ச் போட வேண்டும் என்பது அண்ணனின் ஆசை.

மதியச் சாப்பாட்டுக்கே சோமனூர் போய்விட்டேன். பெரியம்மா இலையில் சோறு போட்டுக்கொண்டே கேட்டார், "இருக்கற சக்கரத்துக்கு என்னங்கண்ணு கேடு?"

எல்லோரும் சிரித்தோம். ஆனால், அன்று யார் கேட்டதிலும் சரியான கேள்வி அதுதான். ஏனென்றால், இது அண்ணனின் முதல் அலாய் வீல் ஆசை இல்லை.

அவிநாசியிலிருந்து திரும்பிய இரவு

இதற்கு முன்பு அவரிடம் ஒரு சின்ன ஹேட்ச்பேக் இருந்தது. அதற்கு 17 இன்ச் அலாய் போட்டிருந்தார். எங்கே வாங்கினார் என்பது வேண்டாம். எந்தக் கம்பெனி பெயரும் இல்லாத, பெரிய பிராண்டு ஒன்றின் டிசைனை அப்படியே காப்பி அடித்த ரிம். பார்க்க அட்டகாசமாக இருக்கும். ஒருநாள் இரவு அண்ணியும் பாப்பாவும் காரில் இருக்க, அவிநாசி கோயிலுக்குப் போய்விட்டு சர்வீஸ் ரோட்டில் வந்துகொண்டிருந்தார்கள். மழைத் தண்ணீர் நிறைந்த குழி ஒன்று ரோடு மாதிரியே தெரிந்திருக்கிறது. 'டம்' என்று ஒரே ஒரு சத்தம். முன்பக்க இடது சக்கரத்தில் காற்று மொத்தமும் ஒரே நொடியில் போய்விட்டது. ஸ்டீயரிங் இடது பக்கம் இழுக்க, எப்படியோ சமாளித்து ஓரமாக நிறுத்திவிட்டார். யாருக்கும் ஒன்றும் இல்லை. பின்னால் லாரி எதுவும் வராததுதான் காரணம் என்று அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

டார்ச் அடித்துப் பார்த்தால் டயர் கிழியவில்லை. ரிம்தான் ஓரத்தில் பிளந்திருந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பம்பும் மோட்டாரும் வார்க்கும் ஃபவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது உள்ளே காற்றுக் குமிழ் மாட்டிக்கொண்டால் 'ப்ளோ ஹோல்' விழும், வெளியே பாலிஷ் போட்டால் தெரியாது, அடி விழும்போதுதான் தெரியும் என்பதை ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அலாய் வீலும் பெரும்பாலும் அலுமினிய வார்ப்புதான். நல்ல கம்பெனி ஒவ்வொரு டிசைனையும் இடித்து, சுழற்றி, வளைத்து சோதனை செய்துதான் விற்கும். ரிம்மின் பின்பக்கம் சைஸ், ஆஃப்செட், எவ்வளவு எடை தாங்கும் என்ற விவரம், தயாரித்தவரின் பெயர் எல்லாம் வார்த்தே வந்திருக்கும். நம் ஊரில் விற்பதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் வழவழவென்று ஒன்றுமே இல்லாமல் இருந்தால், அந்த ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. அலாய்க்கு உறுதி வருவதே சரியான சூட்டில் பதப்படுத்துவதால். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். ஓட்டை அடைபடும், பலம் திரும்பாது. அண்ணன் வெல்டிங் வைக்கவில்லை. அண்ணி விடவில்லை என்பதே உண்மை.

நரேன் நாலாவது வந்த கதை

சாப்பிட்டு முடித்ததும் அண்ணனிடம் ஒரு பழைய கதையைச் சொன்னேன். கோவையில் வளர்ந்த யாருக்கும் நரேன் கார்த்திகேயனைத் தெரியாமல் இருக்காது. ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய முதல் இந்தியர். அவர் அங்கே முதல் பாயின்ட் வாங்கியது 2005 ஜூன் 19-ம் தேதி, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில். நாலாவது இடம், ஐந்து பாயின்ட்.

அன்று கிரிட்டுக்கு வந்தவை 20 கார்கள். அதில் 14 கார்களுக்கு மிஷ்லின் டயர், ஆறு கார்களுக்கு பிரிட்ஜ்ஸ்டோன் டயர். அந்த டிராக்கின் 13-வது வளைவு கிண்ணத்தின் விளிம்பு மாதிரி சாய்வாக இருக்கும். அதில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் போகும்போது டயரின் மேல் விழும் பாரம் ரொம்ப அதிகம். வெள்ளிக்கிழமை பிராக்டீஸிலேயே அந்த வளைவில் பின்பக்க இடது டயர் போய், ரால்ஃப் ஷூமேக்கரின் டொயோட்டா கார் சுவரில் மோதியது. தன்னுடைய டயர்கள் அந்த வளைவை ரேஸ் முழுக்கத் தாங்கும் என்று மிஷ்லினால் உறுதி சொல்ல முடியவில்லை. அந்த சீசனில் ரேஸ் நடுவே டயர் மாற்றவும் அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஃபார்மேஷன் லேப் முடிந்ததும் 14 கார்களும் ஒன்றன் பின் ஒன்றாக பிட்டுக்குள் போய்விட்டன. மிச்சம் ஆறு கார்கள்தான் ரேஸ் ஓட்டின. அதில் ஒன்று நரேனின் ஜோர்டான்.

உலகத்தின் மிகச் சிறந்த டயர் இன்ஜினீயர்கள் செய்த டயர் அது. மோசமான டயர் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த இடத்தின் பாரத்துக்கு அது சரியான டயர் இல்லை, அவ்வளவுதான்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரி, நம்ம வண்டிக்கு எவ்வளவு பாரம்னு எங்க பாக்கறது?" என்றார்.

டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் ஜாதகம்

வாசலுக்குப் போய் காரின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தோம். டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்று இருக்கிறது. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது அந்த அகலத்தில் 55 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது சுமார் 113 மி.மீ. 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். இதுவரை எல்லாக் கடையிலும் சொல்வார்கள்.

கடைசியில் இருக்கும் 91வி-யைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 91 என்பது லோடு இண்டெக்ஸ்: ஒரு டயர் 615 கிலோ தாங்கும். 'வி' என்பது மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்ற வேகக் குறியீடு. 'ஹெச்' என்றால் 210, 'டபிள்யூ' என்றால் 270.

அண்ணன் பார்த்து வைத்திருந்த 18 இன்ச் செட்டில் இருந்த டயர் 225/40 ஆர்18. உயரக் கணக்கு சரிதான். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் 632 மி.மீ., இதற்கு 637. ஒரு சதவிகிதம்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீடோமீட்டர் குழம்பாது. ஆனால், போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது லோடு இண்டெக்ஸ் 88 என்று இருந்தது. 88 என்றால் 560 கிலோ. ஒரு டயருக்கு 55 கிலோ குறைவு, நாலு டயருக்கும் சேர்த்தால் 220 கிலோ. பொள்ளாச்சி கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு, டிக்கி நிறைய சீர்வரிசைத் தட்டுகளோடு போகும் கார் இது!

அதே சைஸில் 92 எக்ஸ்.எல். என்ற டயரும் கிடைக்கும். அது 630 கிலோ தாங்கும். எக்ஸ்.எல். என்பது கூடுதல் பாரத்துக்கென்று பலப்படுத்திய டயர். ஆனால், வழக்கத்தைவிட அதிகக் காற்று பிடித்தால்தான் அது சொன்ன பாரத்தைத் தாங்கும். பழைய ஸ்டிக்கரைப் பார்த்து அதே காற்றை வைத்தால் பிரயோஜனம் இல்லை. ஒரே சைஸ் என்று கடைக்காரர் எடுத்துப் போடும் இரண்டு டயர்களுக்கு நடுவில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது.

சைஸை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் மொத்த விட்டம் பழையதோடு ஒட்டிப்போக வேண்டும், லோடு இண்டெக்ஸும் வேகக் குறியீடும் பழையதுக்குக் குறையக் கூடாது. இதே காருக்கு 225/45 ஆர்17 போட்டால் விட்டம் 634 மி.மீ., கிட்டத்தட்ட அதே அளவு. 91 அல்லது 94 எக்ஸ்.எல். எடுத்தால் பாரமும் சரி. அதுவே 225/45 ஆர்18 என்று தவறிப் போட்டுவிட்டால் விட்டம் 660 மி.மீ. ஆகிவிடும். மீட்டரில் 100 காட்டும்போது வண்டி அதற்கு நாலு கிலோமீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடிக்கொண்டிருக்கும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் மட்கார்டில் உரசவும் வாய்ப்புண்டு.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். 16 இன்ச்சில் 113 மி.மீ. இருந்த ரப்பர் சுவர், 17-ல் 101 ஆகிறது, 18-ல் 90. குழியில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி வழவழப்பான ரேஸ் டிராக்கில் மெல்லிய ரப்பர் நல்லது, வளைவில் டயர் நெளியாது. கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் வரும் வழியில் வெள்ளைக் கோடு இல்லாத ஒரு வேகத்தடையை இருட்டில் ஏறி இறங்கினால் அதே மெல்லிய ரப்பர் என்ன ஆகும் என்று அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அஞ்சு போல்ட் இருந்தா போதுமா?

அடுத்தது ரிம் பொருந்துவது. "நம்ம வண்டிக்கும் அஞ்சு போல்ட், அதுக்கும் அஞ்சு ஓட்டை. அப்புறம் என்ன?" என்பதுதான் அண்ணனின் வாதம்.

போல்ட் ஓட்டைகள் ஒரு வட்டத்தில் இருக்கும். அந்த வட்டத்தின் விட்டத்துக்கு பி.சி.டி. என்று பெயர். விர்டுஸுக்கு அது 5x100. அதே ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஜி.டி.ஐ-க்கு 5x112. ஒரே கம்பெனி, ஒரே ஐந்து போல்ட், ஆனாலும் கோல்ஃப் ரிம் விர்டுஸில் உட்காராது. சில சமயம் கொஞ்சமே வித்தியாசப்படும் ரிம்மை இழுத்துப் பிடித்து இறுக்கிவிடுவார்கள். அது போல்ட்டை நாள் முழுக்க வளைத்துக்கொண்டே இருக்கும்.

நடு ஓட்டையும் முக்கியம். விர்டுஸின் ஹப் அளவு 57.1 மி.மீ. கடையில் கிடைக்கும் பல ரிம்கள் நாலு கம்பெனி கார்களுக்கும் ஆகட்டும் என்று பெரிய ஓட்டையோடு வரும். அந்த இடைவெளியை அடைக்க ஒரு சின்ன ரிங் உண்டு. விலை ஒன்றும் பெரிதில்லை, கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் சக்கரம் துளி நடு மாறி உட்கார்ந்தால், எத்தனை தரம் பேலன்சிங் செய்தாலும் 80-ஐத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்கும்.

அடுத்து சொல்வதைப் பல டயர் கடைகளிலேயே கவனிப்பதில்லை. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் ஒரிஜினல் போல்ட் உட்காரும் இடம் உருண்டையாக, பந்து மாதிரி இருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் அது கூம்பு வடிவம். பழைய போல்ட்டையே புது ரிம்மில் முடுக்கினால் முழுதாகப் படியாது. இறுக்கமாகத்தான் தெரியும், ஓட ஓடத் தளரும். ரிம்மோடு அதற்கான போல்ட்டையும் சேர்த்தே வாங்க வேண்டும். காற்றுத் துப்பாக்கியால் 'டர்ர்ர்' என்று முடுக்கியதோடு விட்டுவிடாமல், கார் மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் கடைசி இறுக்கு இறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருதரம் திரும்ப செக் பண்ணுங்கள்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கணக்கு. ரிம்மில் 'இ.டி. 40' என்ற மாதிரி எழுதியிருக்கும். 40-க்குப் பதில் 30 போட்டால் சக்கரம் 10 மி.மீ. வெளியே வந்து நிற்கும். கெத்தாகத்தான் இருக்கும். பேரிங்குக்குப் பாரம் கூடும், பின்னால் வரும் பைக்காரர் மேல் சேறும் தெறிக்கும்.

கறுப்புக்குத்தான் காசு

இவ்வளவும் பேசியபின் எனக்குத் தோன்றியதை அண்ணனிடம் நேராகவே சொன்னேன். காரின் வேகம், பிரேக், வளைவு எல்லாம் ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பரில். அந்தக் காசை ரிம்முக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைத்த டயரை மாட்டுவதுதான் நாம் வழக்கமாகச் செய்வது. தலைகீழாகச் செய்து பாருங்கள். அதே 16 இன்ச் ரிம், அதற்கு நல்ல டயர். வண்டி திரும்புவதிலும் நிற்பதிலும் வித்தியாசம் தெரியும். பெரிய ரிம் பொதுவாகக் கனமும் கூடியது. பிக்கப்பும் மைலேஜும் கொஞ்சம் அடி வாங்கும், ஷாக் அப்சார்பருக்கும் வேலை கூடும்.

டயரிலும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. மிருதுவான ரப்பர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். கெட்டியான ரப்பர் ரொம்ப நாள் உழைக்கும், ஈர ரோட்டில் பிடிப்பு குறையலாம். சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் இருக்கும். 200, 300 என்றால் பிடிப்புக்காகச் செய்த டயர். 500 பக்கம் போனால் உழைப்புக்காகச் செய்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ரொம்ப அகலமான டயர் என்றால் மழைக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தேங்கிய பைபாஸில் அகல டயர்தான் சீக்கிரம் மிதக்கும்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024-ம் வருடத்தின் 23-வது வாரம். வெளிநாட்டுச் சரக்கு, கொஞ்சம்தான் ஓடியது என்று சொல்லி விற்கும் பழைய டயர்களில் இந்த எண்ணைக் கட்டாயம் தேடுங்கள். பட்டன் தேயாமலே ரப்பர் கிழடு தட்டியிருக்கும். ஓடும் டயரில் பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வந்துவிட்டால் சட்டப்படியே மாற்றியாக வேண்டும். காடிக்குள் இருக்கும் சின்ன மேடு மட்டமாகிவிட்டால் அதுதான் அடையாளம். இரண்டு டயர் மட்டும் மாற்ற வசதி என்றால் புதிய இரண்டையும் பின்பக்கம் போடுங்கள். முன்சக்கரம் இழுக்கும் காருக்கும் இதுதான் விதி. ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளித்துவிடலாம், பின்பக்கம் வழுக்கினால் கார் சுற்றிவிடும்.

சட்டமும் இன்ஷூரன்ஸும்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமாகச் சொன்னது. பாதுகாப்பான வழி ஒன்று உண்டு: அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கார் கம்பெனியே எந்த சைஸ் கொடுத்திருக்கிறது என்று பார்த்து, அதற்குள் தேர்வு செய்வது. வெளியே போட்ட அலாயை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் க்ளெய்ம் சமயத்தில் வாக்குவாதம்தான் மிஞ்சும். அண்ணனின் உடைந்த 17 இன்ச் ரிம்முக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

சாயங்காலம் தறி சத்தம் ஓய்ந்த நேரத்தில் அண்ணன் ஒரு முடிவுக்கு வந்தார். 18 வேண்டாம். 17-ம் இப்போதைக்கு வேண்டாம். 16 இன்ச் ரிம்மிலேயே நாலு புது டயர், 91வி-க்குக் குறையாமல். இந்த வாரம் கடைக்குப் போய், தேதியைத் தானே குனிந்து பார்த்து, மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெரியம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாத்தவே இல்லையாட்ட இருக்குது?" என்று கேட்டாராம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாட்ஸ்அப்பில் மறுபடி ஏழு போட்டோ. அதே 16 இன்ச் ரிம்முக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கப் போகிறாராம். "மேட்டா, பளபளப்பா? சீக்கிரம் சொல்லு அம்மிணி."